டூட்டிங்கில் ஒரு பிரைமரி

தங்கை வசந்தா லண்டனில் பனியில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள் என்று தொலைபேசி வந்தபோது, யார் போவது என்ற பேச்சு வீட்டில் வெகுநேரம் நடக்கவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி. என் மனைவி பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். பரீட்சை நெருங்கும் நேரத்தில் அவளுக்கு விடுப்புக் கிடைக்காது. வசந்தாவின் கணவருக்கு வடகடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. நினைத்தபோது கரைக்கு வர முடியாது. மிஞ்சியவன் நான். கோவில்பட்டி தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியர். விடுப்பு சேர்ந்து கிடந்தது. எனக்குச் சமைக்கவும் தெரியும். தேர்தல் வேலைக்குப் போன கிராமங்களில் பள்ளிக்கூட வராந்தாவில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்துப் பழகிய கை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டூட்டிங்கில் வசந்தாவின் வீடு மாடியில் இருந்தது. மாவுக்கட்டோடு காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் வார்த்தையாக, "அண்ணே, ரசம் வை" என்றாள். ஆஸ்பத்திரி டாக்டர்தான், ஆனால் ஒரு மாதமாக ரொட்டியும் அவித்த பட்டாணியும் சாப்பிட்டால் எந்த டாக்டரும் அப்படித்தான் கேட்பாள்.

மறுநாள் காலை கறிவேப்பிலை தேடி மேல் டூட்டிங் சாலைக்கு நடந்தேன். எட்டு மணியாகியும் வெளிச்சம் வரவில்லை. குளிர் காதைப் பிடித்துத் திருகியது. மூன்றாவதாகக் கண்ணில் பட்ட கடையில் முருங்கைக்காயைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். நோயாளிக்கு மாட்டிய முகமூடிபோல இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். குணரத்தினம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணை இந்தியாவோ?"

"ஆமா. கோவில்பட்டி."

"அங்கை என்ன வேலை பாக்கிறியள்?"

"தாலுகா ஆபீஸ். தேர்தல் வந்துட்டா தேர்தல் வேலை. வாக்குச்சாவடிக்கு நான்தான் தலைமை அலுவலர்."

வெங்காயத்தை நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கட்டு கறிவேப்பிலையைக் கூடுதலாகப் பையில் போட்டார். வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டார்.

அன்று மாலையே சுடச்சுட ரோல்ஸ் பொட்டலத்தோடு மாடியேறி வந்துவிட்டார். முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்த பண்டம். மிளகுக் காரம். நானும் வசந்தாவும் அதைத் தின்று முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

லண்டனில் பகுதிக்கு ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. டூட்டிங்கில் ஒன்று, ஹவுன்ஸ்லோவில் ஒன்று, அப்டன் பார்க்கில் ஒன்று. மூன்றுக்கும் மேலே ஒன்றியம். ஒன்றியத் தலைவர் பதவிக்கு ஒவ்வொரு பகுதியும் ஒரு பெயரை முன்மொழியும். டூட்டிங்கில் அந்தப் பெயரை இதுவரை முடிவு செய்தது கமிட்டி. யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் கூடி, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்துவிடுவார்களாம். ஒவ்வொரு முறையும் அதே பெயர்: நடேசபிள்ளை. கணக்காளர்.

"என்ரை மச்சான் அமெரிக்காவிலை இருக்கிறான்" என்றார் குணரத்தினம். "அவன் இருக்கிற ஸ்டேட்டிலை முந்திக் கட்சிப் பெரியாக்கள் கூடி இருந்துதான், சனாதிபதித் தேர்தலுக்கு ஆரை நிப்பாட்டுறது எண்டு முடிவெடுக்கிறவையாம். இப்ப சட்டம் போட்டு, சனமே வோட்டுப் போட்டு ஆளைத் தெரிவு செய்யிற மாதிரி மாத்திப் போட்டினமாம். பிரைமரி எண்டு பேர். நாங்களும் அப்பிடிச் செய்து பாப்பம் எண்டு பொதுக்கூட்டத்திலை தீர்மானம் எடுத்திட்டம். இப்ப நடத்த ஆளில்லை."

"இத்தனை பேர் இருக்கீங்களே?"

"அதுதான் பிரச்சினை. ஆரைப் போட்டாலும் அவன் இன்ன ஊர், இன்ன பள்ளிக்கூடம், இன்னாற்றை மருமோன் எண்டு கதை வரும். உங்களுக்கு இஞ்சை ஊருமில்லை, பள்ளிக்கூடமுமில்லை, சொந்தமுமில்லை."

அதைத் தகுதியாகச் சொல்லி யாரும் என்னை அழைத்ததில்லை. வசந்தா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் வேட்பாளர் மேலே இருந்து வருவார். தொண்டர்கள் விருப்ப மனு கொடுப்பார்கள், வரிசையில் நின்று நேர்காணலுக்குப் போவார்கள், கடைசியில் மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தங்கள் வேட்பாளர் யார் என்று தெரிந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு நடப்பதற்குத்தான் எங்களைப்போன்றவர்கள் பெட்டியும் மையும் தூக்கிக்கொண்டு போவோம். முதல் படியிலேயே ஜனங்களைக் கேட்பது என்பதை நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

போட்டிக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் நடேசபிள்ளை. மற்றவர் தவமணி. ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் வேலை செய்பவர். ஷிப்ட் இல்லாத நாளில், புதிதாக வந்து இறங்கிய அகதிகளைக் கவுன்சிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போய் மொழிபெயர்த்துப் பேசுவார். வசந்தாவுக்கு அவரைத் தெரியும். "வார்டுல தமிழ் பேஷண்ட் வந்தா, கட்டில் பக்கத்துல தவமணியக்கா நிப்பாங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தவமணியே வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணை, குடும்பத்துக்கு ஒரு வோட்டு எண்டு கமிட்டி சொல்லுது. எங்கடை சங்கக் குடும்பக் கார்டு என்ரை மனிசன்ரை பேரிலை. நான் எலெக்‌ஷனிலை நிக்கலாமாம். ஆனா எனக்கு நானே வோட்டுப் போட ஏலாதாம். இது என்ன கூத்து?"

"உங்க வீட்டுக்காரர் உங்களுக்குத்தானே போடுவாரு?"

"அவற்றை அசைலம் கேஸுக்கு லோயர் பிடிச்சுக் குடுத்தது நடேசபிள்ளையர். மினிகாப் டாக்சிக் கொம்பனியிலை சேத்துவிட்டதும் அவர்தான். நல்ல மனிசன். நான் அவரைக் குறை சொல்ல வரேல்லை. என்ரை வோட்டைத்தான் கேக்கிறன்."

மறுநாள் நான் குணரத்தினத்தின் கடைக்குப் போய், கார்டில் பெயருள்ள பதினெட்டு வயது தாண்டிய எல்லோருக்கும் தனித்தனி வாக்கு, கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, அப்படியானால்தான் நடத்துவேன் என்றேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்குக்கூடத் தன் ஓட்டு தன் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். கமிட்டி இரண்டு நாள் கூடிப் பேசியது. ஊரில்லாத வேறு ஆள் கிடைக்காததால் ஒத்துக்கொண்டது. கையைத் தூக்கச் சொன்னால் போதாதா என்று கேட்ட ஒரு கமிட்டிக்காரரிடம், போதாது, மறைவு வேண்டும் என்றேன். அவர் பெயர் செல்லத்துரை. அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

பெட்டிக்கு, பண்டிகைக்கு வந்த பெரிய பிஸ்கட் தகர டின் ஒன்றை வசந்தா கொடுத்தாள். மூடியில் துளை போட்டாயிற்று. முத்திரை வைக்க அரக்கு வேண்டும். டூட்டிங்கில் கேட்ட கடைகளில் யாருக்கும் அரக்கு என்றால் விளங்கவில்லை. நடு லண்டனில் பழைய எழுதுபொருள் கடை ஒன்றில் கிடைக்கும் என்றார்கள். டின்னின் அளவுக்குப் பூட்டும் வாங்க வேண்டுமே என்று டின்னையும் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

இரண்டும் கிடைத்தன. திரும்பும்போது கெனிங்டனில் ரயில் மாற வேண்டும். அந்தப் பாதாள ரயில் நம் ஊர் பாசஞ்சரைப்போல நின்று நிதானிக்காது. கதவு திறந்து மூடுவதற்குள் ஏறிவிட வேண்டும். மறுபக்கம் ரயில் வந்து நின்றதைப் பார்த்து ஓடினேன். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. பை பெஞ்சில் இருந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தால், ரயில் கெனிங்டனில் நிற்காமல் கடந்தது. சந்தேகத்துக்கிடமான பொருள் காரணமாக நிலையம் மூடப்பட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. அப்போது அந்த நகரத்தில் குண்டு பயம். சொந்தக்காரனில்லாத பையைக் கண்டால் ஊரையே காலி செய்துவிடுவார்கள். அதற்கும் அடுத்த நிலையத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்து, வாசலில் நாடா கட்டி நின்ற போலீஸ்காரரிடம் அந்தப் பை என்னுடையது என்றேன்.

"உள்ளே என்ன இருக்கிறது, சார்?"

"வாக்குப்பெட்டி."

"என்ன தேர்தல்?"

"தலைவர் தேர்தல். அதாவது, தலைவர் தேர்தலுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்."

"எந்த நாட்டுக்கு?"

"டூட்டிங்குக்கு" என்றேன்.

அவர் தோளிலிருந்த ரேடியோவில் யாரையோ கூப்பிட்டார். பிறகு இன்னொருவர் வந்து என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். கோவில்பட்டி அலுவலக அடையாள அட்டையைக் காட்டினேன். அதிலிருந்த தமிழ் முத்திரையை இருவரும் மரியாதையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசலில் காத்திருந்த கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நம் ஊராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள், மனசு ஆறியிருக்கும். இவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

தேர்தல் சனிக்கிழமை, ஓர் ஆரம்பப் பள்ளி மண்டபத்தில். பிரைமரி எலெக்‌ஷனைப் பிரைமரி ஸ்கூலில் வைத்திருக்கிறோம் என்று குணரத்தினம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வசந்தாவின் பழைய நைலெக்ஸ் புடவையைக் கயிற்றில் கட்டி மறைப்புச் செய்தேன். காலி டின்னை எல்லோருக்கும் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் பூட்டி அரக்கு வைத்தபோது, மண்டபம் எதிர்பாராமல் அமைதியானது. எத்தனையோ சாவடிகளில் செய்த காரியம்தான். அங்கே ஏஜெண்டுகள் கொட்டாவி விட்டபடி பார்ப்பார்கள். இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

முதலில் வந்த பெரியவர் சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"தம்பி, இதிலை என்ரை பேர் எழுத வேணுமோ?"

"வேண்டாம் ஐயா. பெருக்கல் குறி மட்டும் போடுங்க."

"பிறகு ஆர் போட்டது எண்டு பாக்க ஏலுமோ?"

"முடியாது ஐயா. யார் போட்டதுன்னு எனக்கே தெரியாது."

"யாழ்ப்பாணத்திலை கடைசியாய் எலெக்‌ஷன் வைக்கேக்கை வாசல்லை ஆமிப் பட்டாளம் நிண்டது. ஆர் போகினம் எண்டு பாக்க வேறை ஆக்களும் நிண்டவை. நான் காய்ச்சல் எண்டு படுத்திட்டன்" என்றார். மறைப்புக்குள் போனவர் வெளியே வர நேரமாயிற்று. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஒரு பெண் வாக்களித்துவிட்டு இடதுகை விரலை நீட்டினார். மை வைக்க வேண்டுமாம். மை ஏது? என் நீலப் பேனாவால் நகத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் நீட்டினார்கள். இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சிரித்தார்கள்.

தவமணியும் அவர் கணவர் கந்தவேளும் சேர்ந்தே வந்தார்கள். கந்தவேள் ஒல்லியானவர், பேசாதவர். வாசலில் நடேசபிள்ளை நின்றிருந்தார். கந்தவேள் அவருக்குக் கை கூப்பினார். அவர் தோளில் தட்டி உள்ளே அனுப்பினார். முதலில் மனைவி மறைப்புக்குள் போய் வந்தார், பிறகு கணவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள்.

மாலையில் எண்ணினோம். இரண்டு கட்டுகளும் ஏறக்குறைய ஒரே உயரம். இருமுறை எண்ணியும் அதே முடிவுதான்: விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசத்தில் தவமணி. நான் அறிவித்ததும் பின்வரிசையில் பெண்கள் கை தட்டினார்கள். உடனே செல்லத்துரை எழுந்தார்.

"இதிலை எங்கையோ பிழை இருக்கு. நடேசபிள்ளையருக்குப் போடுறம் எண்டு எனக்குச் சொன்ன ஆக்களின்ரை தொகையே இதைவிடக் கூட. கையைத் தூக்கச் சொல்லுங்கோ. அவவுக்குப் போட்ட ஆக்கள் கையைத் தூக்கட்டும். ரெண்டு நிமிசத்திலை தெரிஞ்சிடும்."

நாலைந்து பேர் ஓம் ஓம் என்று ஆமோதித்தார்கள். நான் சீட்டுக்கட்டுகளின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன்.

"சீட்டை எத்தனை தடவை வேணும்னாலும் எண்ணுவோம். நீங்களே வந்து எண்ணுங்க. கையை எண்ண மாட்டேன்."

"ஏன்? ஒளிக்க என்ன இருக்கு? எல்லாரும் எங்கடை ஆக்கள்தானே!" சுற்றிப் பார்த்த செல்லத்துரையின் பார்வை கந்தவேளிடம் நின்றது. "கந்தவேள், நீ சொல்லு. உனக்காண்டி அந்த மனிசன் எவ்வளவு செய்தது. நீ ஆருக்குப் போட்டனி?"

கந்தவேள் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டு அதட்டியதும் கால்கள் தாமாக எழுந்ததுபோல் இருந்தது. அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். எந்த வாக்குச்சாவடியிலும் பார்த்ததில்லை. பின்னால்தான் விளங்கியது: பத்திரிகைப் படங்களில் பார்த்த, ராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட மனிதனின் முகம் அது.

தவமணி தன் மூலையிலிருந்து விறுவிறுவென்று நடந்து வந்து நடுவில் நின்றார். "அவரை ஒருத்தரும் கேக்கக் குடாது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு இந்தப் பேர் வேண்டாம். திருப்பி எலெக்‌ஷன் வையுங்கோ, நான் நிக்கேல்லை. ஆனா அவரைக் கேக்கக் குடாது."

வாசலில் பள்ளிக்கூடக் காவலாளி, ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சாவிக் கொத்தோடு நின்றிருந்தார். பூட்டும் நேரம் ஆகிவிட்டது. "கல்யாணத்தில் தகராறா?" என்று பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் நடேசபிள்ளை எழுந்தார். அதுவரை கோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தவர்.

"செல்லத்துரை, இரும்" என்றார். "எண்ணினதிலை பிழை இருந்தாத் திருப்பி எண்ணலாம். சனத்தை விசாரிக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம். அதுக்கு அங்கையே இருந்திருக்கலாம்."

அவர் வந்து சீட்டுகளைத் தானே ஒருமுறை எண்ணினார். பழகிய விரல்கள், வேகமாக எண்ணி முடித்தன. தவமணியின் பக்கம் திரும்பி, "சரி பிள்ளை, நீர்தான்" என்றார். வாழ்த்துச் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்காமல் வெளியே போனார். அவருக்கு வலித்தது, மறைக்கவும் இல்லை. நான் தாள்களைக் கட்டி உறையிலிட்டு அரக்கு வைத்தேன்.

ஒன்றியக் கூட்டம் நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, அப்டன் பார்க்கில். வசந்தா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தாள், அவளும் வந்தாள். மற்ற இரண்டு பகுதிகளும் கமிட்டி சொன்ன ஆண்களை அனுப்பியிருந்தன. பிரதிநிதிகள் கைதூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். தவமணி தோற்றார். ஹவுன்ஸ்லோக்காரர் ஜெயித்தார். மதியச் சாப்பாட்டுக்கு நல்ல கத்தரிக்காய்க் குழம்பு. நம் ஊர்போல் புளி தூக்கலாக இல்லாமல் தேங்காய்ப்பாலில் வெந்தது. இலை போட்டுப் பரிமாறாமல், காகிதத் தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஹவுன்ஸ்லோப் பெண் ஒருத்தி தவமணியிடம், அந்த மறைப்புச் சேலையை எப்படிக் கட்டினீர்கள், கம்பி வேண்டுமா கயிறு போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். தவமணி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளால் அளந்து காட்டினார்.

விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போனது கந்தவேள். வாடகை பேசவே விடவில்லை. மழை. ஹவுன்ஸ்லோ பக்கம் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அதுவரை அவர் பேசியதெல்லாம் எனக்குக் குளிர்கிறதா என்ற ஒரு கேள்விதான்.

"அண்ணை, அண்டைக்கு நான்..."

"வேண்டாம் கந்தவேள். தேர்தல் நடத்துனவன்கிட்ட அதைச் சொல்லக் கூடாது."

அவர் தலையாட்டினார். மழைத்துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. வண்டி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"ஆருக்குப் போட்டனான் எண்டு என்ரை மனிசியும் கேக்கேல்லை, அண்ணை. கேப்பா, கேப்பா எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தனான். வீட்டை போய்ச் சாப்பாடு போட்டவா. அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனவா. அங்கை அப்டன் பார்க்கிலை தோத்திட்டு வரேக்கையும் காருக்குள்ளை பாட்டுத்தான் போடச் சொன்னவா. ஒரு வார்த்தை கேக்கேல்லை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

முன்னால் நின்ற பேருந்தின் சிவப்பு விளக்கு அவர் முகத்தில் விழுந்து அணைந்தது.

"ஓம். உண்மையைச் சொல்லியிருப்பன்" என்றார். "அது தெரிஞ்சுதான் அவா கேக்கேல்லைப்போலை."